கூடுதல் பால் யாருக்குச் சுமை? தாய்மாட்டின் தீவனக் கணக்கும் நிலமற்றோரின் கொட்டிலும்

கறவை மாடு வாங்கக் கடன் கேட்டுச் செல்லும் பெண்ணிடம் கேட்கப்படும் முதற்கேள்வி, மாடு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் கறக்கும் என்பதே. சந்தையில் தரகர் சொல்லும் முதற்செய்தியும் அதுவே. அரசுத் திட்ட அறிக்கைகளிலும் லிட்டர்தான் அளவுகோல். அதிகம் கறக்கும் மாடே நல்ல மாடு என்பதில் இவர்கள் எவருக்கும் ஐயமில்லை.

பாலை விற்காமல் இறைச்சிக்காகவே மாடு வளர்க்கும் நாடுகளில் இக்கருத்து நாற்பது ஆண்டுகளாகக் கேள்விக்கு உள்ளாகி வருகிறது. தாய்மாட்டின் பால் கூடக்கூட மந்தையின் திறன் கூடுகிறதா, குறைகிறதா என்று அங்குள்ள ஆய்வாளர்கள் அளந்து பார்த்தனர். கிடைத்த விடை எளிமையானது, ஆனால் கூர்மையானது. தீவனம் தாராளமாக இருக்கும் இடத்தில் கூடுதல் பால் ஆதாயம். தீவனம் அளவாக இருக்கும் இடத்தில் அது இழப்பு. மாட்டின் பிறவித்திறனைக் காட்டிலும், அது நிற்கும் நிலம் யாருடையது, அதன் முன் வைக்கப்படும் புல் எங்கிருந்து வருகிறது என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன.

நிலமற்ற தலித் குடும்பங்களுக்குக் கறவை மாடு தரும் திட்டங்கள் ஏன் தடுமாறுகின்றன என்பதற்கு அந்த ஆய்வுகளில் ஒரு விளக்கம் இருக்கிறது. மாட்டிறைச்சி அரசியலைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு கணக்கும் அவற்றில் இருக்கிறது. ஆகவே அவற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கன்றுதான் விளைச்சல்

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறைச்சி மாட்டு மந்தையும் பால் மாட்டு மந்தையும் தனித்தனியானவை. இறைச்சி மந்தையின் தாய்மாட்டை யாரும் கறப்பதில்லை. அது மேய்ச்சல் நிலத்தில் கன்று ஈனும். கன்று தாய்ப்பால் முழுவதையும் குடித்து, உடன் புல்லும் மேய்ந்து, ஏறக்குறைய ஏழு மாதத்தில் பால்குடி மறக்கடிக்கப்படும். அமெரிக்கப் பண்ணைகளில் 205 நாள் எடை என்பதே இதற்குரிய பொது அளவு. அந்தக் கன்றை எடை போட்டு விற்பதுதான் தாய்மாடு வளர்ப்பவரின் வருமானம். அங்கே பால் விற்பனைப் பொருள் அன்று. கன்று என்னும் விளைச்சலுக்கு இடப்படும் இடுபொருள்.

தாய் அதிகம் பால் சுரந்தால் கன்று கனமாக வளரும் என்பது உண்மையே. அந்த உண்மையை நம்பி, 1970களை ஒட்டி சிமென்டால், கெல்ப்வீ போன்ற பால்வளமிக்க ஐரோப்பிய இனங்களை அமெரிக்கப் பண்ணையாளர்கள் தங்கள் மந்தைகளில் கலந்தனர். காளையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மகள்களின் பால் திறனையும் ஒரு மதிப்பெண்ணாகச் சேர்த்துப் பார்த்தனர். கன்றுகளின் எடையும் கூடியது. கேள்வி அதன் பிறகே எழுந்தது: கூடிய எடைக்கு எவ்வளவு தீவனம் செலவாயிற்று?

திறன் என்ற சொல்லை அங்கு எப்படி வரையறுக்கிறார்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். தாயும் கன்றும் சேர்ந்து உண்ட தீவனத்துக்கு எத்தனை கிலோ கன்று கிடைத்தது என்பதே அளவு. அதுவும் ஈன்ற மாடுகளுக்கு மட்டும் கணக்கிட்டால் போதாது. காளையுடன் சேர்க்கப்பட்ட எல்லா மாடுகளையும், சினை பிடிக்காமல் ஓராண்டு முழுவதும் வெறுமனே தின்ற மாடுகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒரு மாட்டின் பெருமை ஒன்று. மந்தையின் கணக்கு வேறொன்று.

இறைச்சி மந்தையின் தாய்மாடு ஓராண்டில் உண்ணும் ஆற்றலில் ஏறக்குறைய 70 முதல் 75 விழுக்காடு அதன் உடலை உயிரோடு வைத்திருப்பதற்கே செலவாகிறது என்று நெப்ராஸ்கா மாநிலத்தின் கிளே சென்டரில் உள்ள அமெரிக்க இறைச்சி விலங்கு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய பெரெல், ஜென்கின்ஸ் ஆகியோர் 1980களில் எடுத்துக்காட்டினர். கருவை வளர்ப்பதற்கும் பால் சுரப்பதற்கும் எஞ்சுவது கால் பங்குதான். ஆகவே உடல் பராமரிப்புக்கான செலவு சற்றே கூடினாலும் மந்தையின் மொத்தக் கணக்கு ஆட்டம் காணும்.

பால் திறன் அந்தச் செலவைக் கூட்டுகிறது. பால் சுரக்கும் மாடு, பாலுக்கான ஆற்றல் நீங்கலாக, உடல் பராமரிப்புக்கு மட்டுமே வற்றிய மாட்டைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு கூடுதலாகக் கேட்கிறது என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1996இல் வெளியிட்ட இறைச்சி மாடுகளின் ஊட்டத்தேவை நூல் கணக்கிடுகிறது. இன வேறுபாட்டையும் அந்நூல் குறிக்கிறது. சராசரி இறைச்சி இனங்களோடு ஒப்பிட்டால் பால் இனங்களுக்குப் பராமரிப்புத் தேவை ஏறக்குறைய 20 விழுக்காடு அதிகம். திமிலுடைய செபு இனங்களுக்கு, அதாவது நம் நாட்டு மாடுகள் சேர்ந்த வகைக்கு, ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவு. காரணம் உடலின் உள்ளே இருக்கிறது. அதிகப் பால் சுரக்க அதிகம் உண்ண வேண்டும். அதிகம் உண்டு செரிக்கப் பெரிய இரைப்பை, பெரிய குடல், பெரிய ஈரல் வேண்டும். எடையில் சிறு பங்கே ஆனாலும் இவ்வுறுப்புகள் ஆற்றலைப் பெருமளவில் எரிப்பவை. அதனால்தான் பால்வள இனத்து மாடு வற்றிய மாதங்களிலும், ஒரு சொட்டும் சுரக்காத நாளிலும், கூடுதலாகத் தின்னக் கேட்கிறது. எஞ்சின் பெரிதாக இருந்தால் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் எரிபொருள் குடிக்கும்.

கன்றின் பக்கமும் ஒரு வரம்பு உண்டு. தாய்ப்பால் குறைவாக இருக்கும் கன்று புல்லை விரைவில் மேயத் தொடங்கும். பால் நிறையக் கிடைக்கும் கன்று புல்லைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கூடுதலாகச் சுரந்த ஒவ்வொரு லிட்டரும் முந்தைய லிட்டர் அளவுக்கு எடையைச் சேர்ப்பதில்லை. புல்லை நேரடியாகக் கன்று தின்பதற்குப் பதிலாக, அதே புல்லைத் தாய் தின்று பாலாக்கிக் கன்றுக்குக் கொடுப்பது சுற்றுவழி. வழியில் இழப்பு தவிர்க்க முடியாதது.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி சினைப்பிடிப்பில் விழுகிறது. மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால் 365இல் 283 போக எஞ்சும் 82 நாளுக்குள் அது மீண்டும் சினை பிடித்தாக வேண்டும். அந்த 82 நாளில்தான் பால் சுரப்பு உச்சத்தில் இருக்கிறது. தின்பது போதாவிட்டால் மாடு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பாலாக்கும். உடல் மெலிந்த மாட்டுக்குச் சினைப்பருவம் திரும்புவது தாமதமாகும். முதல் கன்று ஈன்ற இளம் மாட்டுக்கு இது இன்னும் கடுமை. அதற்குத் தன் உடல் வளர்ச்சியே முடிந்திருக்காது. உடலின் முன்னுரிமை வரிசை ஈவிரக்கமற்றது: முதலில் உயிர், அடுத்து மடியில் தொங்கும் கன்று, கடைசியில்தான் அடுத்த கன்று.

ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். நூறு நூறு மாடுகள் கொண்ட இரு மந்தைகள் ஒரே மேய்ச்சல் நிலத்தில் இருப்பதாகக் கொள்வோம். மிதமான பால் கொண்ட மந்தையில் 90 மாடுகள் ஈன்று, கன்றுகள் 220 கிலோ வந்தால் மொத்தம் 19,800 கிலோ. அதிகப் பால் கொண்ட மந்தையில் கன்றுகள் 240 கிலோ வந்தாலும், சினைப்பிடிப்பு குறைந்து 80 கன்றுகளே கிடைத்தால் மொத்தம் 19,200 கிலோ. கனமான கன்றுகளைப் பார்த்து இரண்டாம் பண்ணையாளர் பெருமைப்படுவார். அவருடைய மந்தை குறைவாக விளைவித்திருக்கிறது; கூடுதலாகவும் தின்றிருக்கிறது.

இதைக் கற்பனையில் விடாமல், ஜென்கின்ஸும் பெரெலும் ஒன்பது இனங்களை வெவ்வேறு தீவன அளவுகளில் வைத்துப் பல ஆண்டுகள் அளந்து 1994இல் முடிவுகளை வெளியிட்டனர். தீவனம் குறைவாக இருந்தபோது, வளர்ச்சியிலும் பாலிலும் மிதமான திறன் கொண்ட இனங்கள் முன்னே நின்றன. அவை சினை பிடிப்பதில் தவறவில்லை. தீவனம் மிகுந்தபோது வரிசை தலைகீழானது. பெரிய உடலும் மிகுந்த பாலும் கொண்ட இனங்கள் முந்தின. ஒரே மாடு, ஒரே மரபணு. கிடைத்த தீவனம் மாறியதும் முதலிடம் கடைசி இடத்தை நோக்கிச் சரிந்தது. சிறந்த இனம் எது என்று தனித்துக் கேட்பதே பொருளற்ற கேள்வி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பிரிக்க முடியாத இரு கணக்குகள்

இந்தியாவில் இறைச்சிக்கெனத் தனி மந்தை கிடையாது. இங்கே மாட்டிறைச்சி என்பது பால் தொழிலின் மறுமுனை. கறவை ஓய்ந்த பசு, பால் வீட்டில் பிறந்த காளைக்கன்று, எருமைக்கடா, உழவு முடித்த எருது ஆகியவையே அடிமாடாகச் சந்தைக்கு வருகின்றன. அமெரிக்கப் பண்ணையில் பால் இடுபொருளாகவும் கன்று விளைச்சலாகவும் இருக்கிறது. இந்தியக் கொட்டிலில் பால் விளைச்சலாகவும் காளைக்கன்று கழிவாகவும் மாறிவிடுகிறது. பாலை விற்றால்தான் அன்றைய அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ள வீட்டில் காளைக்கன்றுக்கு மடியில் என்ன மிஞ்சும்?

2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பு இதற்குச் சான்று. நாட்டில் பசு, கிடேரி என்று பெண் மாடுகள் 14.51 கோடி, ஆண் மாடுகள் 4.74 கோடி. பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண் என்பதை நினைவில் கொண்டால், இந்த இடைவெளி தானாக நேர்ந்ததன்று என்பது புரியும். 2012 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் ஆண் மாடுகள் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருக்கின்றன. டிராக்டர் வந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் ஏர் இழுக்காத கன்றுக்கு இறைச்சி மதிப்பும் சட்டத்தால் மறுக்கப்படும்போது, அதைப் பால் கொடுத்து வளர்க்க எந்த ஏழைக் குடும்பத்துக்கும் காரணம் இருக்காது. பசுவதைத் தடைச்சட்டங்கள் காத்த உயிர்களின் பட்டியலை எழுதுவோர், பட்டினியில் விடப்படும் காளைக்கன்றுகளையும் அதில் சேர்க்க வேண்டும்.

மந்தைத் திறன் என்ற கேள்வி இந்திய நீதிமன்றத்துக்கும் வந்திருக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். முகமது ஹனீப் குரேஷி எதிர் பீகார் மாநிலம் வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்றம், பசுவைக் கொல்வதற்கான முழுத்தடையை ஏற்றுக்கொண்டது. ஆனால் பயன்பாடு ஓய்ந்த காளை, எருது, எருமை ஆகியவற்றுக்கும் தடை விதிப்பது பொதுநலனுக்கான நியாயமான கட்டுப்பாடு அன்று என்றது. நாட்டில் தீவனம் பற்றாக்குறை, பயனற்ற மாடு பயனுள்ள மாட்டின் தீவனத்தைத் தின்கிறது என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளில் ஒன்று. 2005இல் குஜராத் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்த நிலையை மாற்றியது. சாணமும் கோமியமும் தருவதால் முதிர்ந்த மாடும் பயனற்றதன்று என்பது புதிய வாதம். சாணத்துக்குப் பயன் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தச் சாணத்தைப் பெற மாடு எவ்வளவு தின்ன வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். 350 கிலோ எடையுள்ள கிழமாடு உடல் எடையில் 2 விழுக்காடு உலர்பொருள் உண்டாலும் நாளுக்கு 7 கிலோ. ஆண்டுக்கு இரண்டரை டன். பத்துப் பன்னிரண்டு வயதில் கறவை ஓய்ந்த மாடு மேலும் பல ஆண்டுகள் உயிர்வாழக்கூடும். அந்த வைக்கோலுக்கு யார் பணம் கொடுப்பது என்பதற்குத் தீர்ப்பில் விடை இல்லை.

ஒரு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அடிமாட்டு விலை என்பது அடுத்த மாட்டுக்கான முன்பணம். மாட்டின் வாழ்நாள் கணக்கை ஒழுங்காக எழுதினால் வரவில் மூன்று இனங்கள் வரும்: பால், கன்று, கடைசி விற்பனை. மூன்றாவதை அடித்துவிட்டால் முதல் இரண்டும் அந்த இழப்பைச் சுமந்தாக வேண்டும். பெரிய பண்ணை சுமக்கும். ஒற்றை மாட்டுக்காரர் மாட்டை இரவில் அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார். அந்த மாடு மேய்வதும் யாரோ ஒரு குறுநிலக்காரரின் பயிரைத்தான்.

மகாராட்டிரம் 2015இல் தடையைக் காளைக்கும் எருதுக்கும் நீட்டித்தது. 2017 மே மாதம் ஒன்றிய அரசு, கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதையே தடுக்கும் விதிகளை அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வாரத்துக்குள் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது, உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைச் சான்றிதழ் பெற்று அறுக்க இடமளிக்கிறது. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளம் செல்லும் மாடுகள், நம் சிற்றூர்களின் கறவைக் கணக்கை இன்றும் தாங்கி நிற்கின்றன. இதைச் சொல்லச் சிலர் கூச்சப்படுகிறார்கள். ஆவின் கேனை நிரப்பும் பாலுக்கும் கேரளம் செல்லும் லாரிக்கும் உள்ள உறவை மறைத்துப் பால் வளம் பேசுவது பாசாங்கு.

வாசல் அடைபடும்போது அதைக் காவல் காக்கும் வன்முறை யார் மீது பாய்கிறது என்பதை நாம் அறிவோம். 2002 அக்டோபரில் அரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டம் துலினாவில் ஐந்து தலித்துகள் அடித்துக் கொல்லப்பட்டனர். 2016 சூலையில் குஜராத்தின் ஊனா வட்டத்தில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் காரில் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். அதற்குப் பின் சுரேந்திரநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்ட தலித் மக்கள், ஒரு பொருளியல் உண்மையையும் சேர்த்தே அங்கு கிடத்தினர்: பால் தொழிலின் கடைசிச் செலவை ஊதியமின்றியும் இழிவோடும் சுமந்துவந்தவர்கள் தாங்களே என்பதை.

பத்து சென்ட் நிலம்

இனி திட்டங்களுக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 2011இல் ஊரக ஏழைப் பெண்களுக்கு விலையில்லாக் கறவைப் பசு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் 60,000 பசுக்கள் என்பது இலக்கு. பட்டியல் சாதியினருக்கான மானியக் கடன்களிலும் கறவை மாடு நெடுங்காலமாக நிலையான இனம். இவற்றில் விரும்பப்படுவது அதிகம் கறக்கும் கலப்பினப் பசுவே. அதாவது நெப்ராஸ்கா ஆய்வில் தீவனம் மிகுந்த வரிசையில் முந்திய வகை மாட்டை, தீவனம் மிகக் குறைந்த வரிசையில் நிற்கும் குடும்பத்திடம் கொடுக்கிறோம்.

இரண்டும் ஒன்றல்ல என்று ஒருவர் மறுக்கலாம். அங்கே பால் விற்கப்படுவதில்லை, இங்கே விற்கப்படுகிறது. கூடுதல் லிட்டருக்கு இங்கே காசு உண்டு. மறுப்பு சரியானது. ஆகவே அந்த ஆய்வின் எண்களை அப்படியே இங்கு பொருத்த முடியாது. ஆனால் உடலின் விதி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தின்பது போதாத கறவை மாடு மெலியும், சினை தள்ளிப்போகும், வற்றிய மாதங்கள் நீளும்.

நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்வோம். உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் மேலும் நான்கு கிலோ என்பது கால்நடைத் துறையினர் சொல்லும் நடைமுறைக் கணக்கு. அத்துடன் 25 கிலோ பசுந்தீவனமும் சில கிலோ வைக்கோலும் வேண்டும். பசுந்தீவனம் மட்டும் ஆண்டுக்கு ஒன்பது டன். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைப் பாசனமும் உரமும் கொடுத்துப் பயிரிட்டால் சுமார் பத்து சென்ட் நிலம் இதற்குப் போதும். பத்தே சென்ட்! வீட்டுமனைப் பட்டாவாக மூன்று சென்ட் பெற்ற குடும்பத்துக்கு அதுவே எட்டாத நிலம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு.

நிலமில்லாதவர் புல்லை எங்கே பெறுவார்? சாலையோரம், ஏரிக்கரை, மேய்க்கால் புறம்போக்கு, பிறருடைய வரப்பு. மேய்க்கால் நிலங்கள் ஆக்கிரமிப்பிலும் அரசுக் கட்டடங்களிலும் சுருங்கிவிட்டன. எஞ்சுவது வரப்பு. வரப்புப் புல் அறுப்பது நில உடைமையாளரின் இசைவைப் பொறுத்தது. அந்த இசைவுக்கு விலை உண்டு. கூலியைக் கேட்காமல் இருப்பது, அழைத்த நாளில் வேலைக்குச் செல்வது, தேர்தலில் சொன்ன இடத்தில் வாக்களிப்பது என்று அது பல உருவம் எடுக்கும். ஊரில் சாதி மோதல் எழுந்தால் சமூக விலக்கின் முதல் அடையாளங்களில் ஒன்று, தலித் பெண்கள் புல்லுக்கு வயலில் இறங்கக் கூடாது என்பதே. மாடு எவ்வளவு அதிகம் தின்னக் கேட்கிறதோ, அவ்வளவு ஆழமாக அந்தக் குடும்பம் வரப்பின் உரிமையாளரைச் சார்ந்து நிற்கிறது. தற்சார்புக்காக வழங்கப்பட்ட மாடு சார்பை வளர்க்கிறது.

புல் இல்லாத இடத்தை அடர்தீவனத்தால் ஈடுகட்டினால் பால் பணம் தீவனக் கடைக்கே திரும்பும். ஈடுகட்டாவிட்டால் 82 நாள் கணக்கு உடையும். ஓர் ஈற்றுக்கு 300 நாள் கறக்கும் மாடு 400 நாளுக்கு ஒருமுறை ஈன்றால் வற்றிய காலம் 100 நாள். ஈற்று இடைவெளி 540 நாளாக நீண்டால் வற்றிய காலம் 240 நாள். அந்த எட்டு மாதமும் மாடு தின்னும். கடன் தவணையும் மாதந்தோறும் வரும். கறக்கும் நாளின் லிட்டரைப் பார்த்து வகுத்த திட்டத்தில் இந்த எட்டு மாதத்துக்கு ஒரு வரியும் இருப்பதில்லை. பிறகு மாடு விற்கப்படும். பயனாளிக்குப் பொறுப்பில்லை, அரசு கொடுத்ததை விற்றுத் தின்றுவிட்டார் என்ற பழிச்சொல் மட்டும் மிஞ்சும்.

கறந்த பாலை விற்பதும் எல்லா இடத்திலும் எளிதன்று. கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோராட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் 565 சிற்றூர்களை ஆய்ந்து 2006இல் வெளியிட்ட ஊரகத் தீண்டாமை பற்றிய நூல், பால் கூட்டுறவுகளில் நிலவும் விலக்கைப் பதிவு செய்தது. ஏறக்குறைய 47 விழுக்காட்டுச் சிற்றூர்களில் தலித்துகள் கூட்டுறவுக்குப் பால் விற்க முடியவில்லை. ஏறக்குறைய கால் பங்குச் சிற்றூர்களில் அங்கிருந்து பால் வாங்கவும் முடியவில்லை. இதே மக்கள் வளர்த்த மாட்டின் சாணத்தை யாரும் தீட்டென்று சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.

அப்படியானால் நாட்டு மாட்டுக்குத் திரும்புவதா? 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் இப்படிச் சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் போன்ற இனங்களின் பராமரிப்புத் தேவை குறைவு என்பதும், வெயிலையும் காய்ந்த புல்லையும் தாங்கும் என்பதும் உயிரியல் உண்மைகள். அவை அடிப்படையில் உழவுக்கும் வண்டிக்கும் வளர்க்கப்பட்ட இனங்கள். நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தரும் மாட்டைக் கொண்டு கடன் தவணையை அடைக்க முடியாது என்பதும் அதே அளவு உண்மை. பாரம்பரியம் என்ற பெயரில் வளர்ப்பின் செலவை ஏழையிடமும், நாட்டுப் பால் என்ற முத்திரையின் லாபத்தை நகர்க்கடையிடமும் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு நாம் துணைபோக வேண்டியதில்லை. மிதமாகக் கறந்து தவறாமல் சினை பிடிக்கும் கலப்பினம், எருமை, வெள்ளாடு என்று ஒவ்வோர் ஊரின் தீவன இருப்பைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். எருமைக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு: கறவை ஓய்ந்த எருமையையும் கடாவையும் பெரும்பாலான மாநிலங்களில் விற்க முடியும். புனிதம் ஏற்றப்படாத விலங்கு ஏழைக்கு மலிவாக முடிகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதும் தோழர்கள், வழங்கப்பட்ட மாடுகளின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாவட்டக் கால்நடைத் துறையிடம் வேறு சிலவற்றைக் கேட்கலாம். குறிப்பிட்ட ஆண்டில் பட்டியல் சாதிப் பயனாளிகளுக்கு வழங்கிய பசுக்களில் இரண்டாம் முறை ஈன்றவை எத்தனை? இரு ஈற்றுகளுக்கு இடையே சராசரி எத்தனை நாள்? மாட்டுடன் தீவன நிலம் குத்தகைக்கோ பட்டாவாகவோ கொடுக்கப்பட்டதா? 1892இன் ஆணைவழி ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் அந்த ஊரில் எவ்வளவு, இன்று யார் கையில்? பயனாளிகளில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எத்தனை பேர், அவர்களுடைய பெயரில் பால் பணம் வரவு வைக்கப்பட்ட மாதங்கள் எத்தனை? வற்றிய மாதங்களில் தவணையை நிறுத்திவைக்கக் கடன் விதியில் இடம் உண்டா? மாட்டின் எடையும் லிட்டரும் ஏற்கெனவே கோப்பில் இருக்கின்றன. இவையும் அதே கோப்பில் இருக்க வேண்டியவை.